இரண்டு வண்டியிலும் ஏறியவள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மூன்றாவது வாரம், ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு, சொரிமுத்துவின் மகள் பிரம்மசக்தி கீழமருதடி அம்மன் கோயில் முக்கில் ஒரு கையில் பிளஸ் ஒன் சேர்க்கைச் சீட்டும் மறு கையில் டவுன் ஜவுளிக்கடை கொடுத்த வேலைச் சீட்டுமாக நின்றுகொண்டிருந்தபோது, வடக்கேயிருந்து பள்ளிக்கூட பஸ்ஸும் தெற்கேயிருந்து கடை வேனும் ஒரே சமயத்தில் வந்து நின்று, ஒரே சமயத்தில் ஹார்ன் அடித்தன. அவள் இரண்டிலும் ஏறினாள்.

யாரும் கூச்சல் போடவில்லை. பஸ் டிரைவர் கண்ணாடியில் ஒருத்தி ஏறியதைப் பார்த்தார், வேன் டிரைவரும் கண்ணாடியில் ஒருத்தி ஏறியதைப் பார்த்தார், இருவர் கணக்கும் சரியாக இருந்தது, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தது மகளை அனுப்பி வைக்க வந்திருந்த செல்லக்கனி ஒருத்திதான். பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்று பட்டது ஒன்றே ஒன்று: டிபன் பாக்ஸ் ஒன்றைத்தானே கட்டிக் கொடுத்தோம். எலுமிச்சம் சோறும், முதல் நாளாச்சே என்று இரண்டு அவித்த முட்டையும் வைத்த அந்த டப்பா, பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

முந்தின நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. சொரிமுத்துவின் லோடு ஆட்டோ குளத்துக்கரையில் கவிழ்ந்து, அவர் காலுக்குள் கம்பி வைத்துக் கட்டிலில் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. செல்லக்கனி பீடி சுற்றித்தான் நாலு வயிறு நிறைந்தது. நாலாவது வயிறு மூன்றாம் வகுப்பு படிக்கிற தம்பி. ஜவுளிக்கடைக்கு ஆள் பிடிக்கிறவர் வந்து வாசலில் நின்று, பத்து முடித்த பிள்ளையென்றால் போதும், வேன் உண்டு, தீபாவளிக்குச் சேலை உண்டு என்று சொல்லி, வேலைச் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். செல்லக்கனி மடியிலிருந்த பீடித் தட்டை இறக்காமல் மகளிடம், "ஏளா, நீயே சொல்லிரு. படிக்கணும்னா படி, கடைக்குப் போணும்னா போ. நாளைக்கு எங்கம்மதான் என்னையக் கெடுத்தான்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாது பாத்துக்கோ" என்றாள். பிரம்மசக்தி அப்பாவைப் பார்த்தாள். சொரிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் இப்படி ஒரு முடிவைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஒருத்தி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இரவு கடை அடைத்த பிறகு இன்னொருத்தி வேனில் வந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாப்புட்டியா?" என்றாள் செல்லக்கனி.

"இல்ல. எல்லாரும் கொண்டாந்திருந்தாவ."

பள்ளிக்கூடத்துக்குப் போனவள் தரையைப் பார்த்தாள். அவள் இரண்டு முட்டையையும் தின்றிருந்தாள். "எனக்கு என்ன தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டு நோட்டுக்கு அட்டை போடப் போய்விட்டாள். மறுநாளே செல்லக்கனி சந்தையில் இன்னொரு டிபன் பாக்ஸ் வாங்கிவிட்டாள், ஆனாலும் முதல் நாள் முதல் நாள்தான்.

கீழமருதடிக்காரர்கள் இந்த மாதிரி விஷயங்களில் மலைத்துப் போய் உட்கார்ந்துவிடுகிறவர்கள் இல்லை. முதல் வாரம் வந்து வந்து பார்த்தார்கள், இரண்டாம் வாரம் இவளைக் கண்டால் "நீ எவ, பள்ளிக்கூடத்துச் சக்தியா, கடைச் சக்தியா?" என்று கேட்டார்கள், மூன்றாம் வாரம் நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள், கேட்பதையும் விட்டுவிட்டார்கள். ரேஷன் கடைக்காரர் மட்டும் கொஞ்சம் முறைத்தார். கார்டில் ஒரு பேர், ஒரு பேருக்கு ஒரு அளவு, ஆளு எத்தனையாகப் பெருகினாலும் அரிசி பெருகாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, கைரேகை எந்திரத்தில் இரண்டு பேர் விரலையும் வைத்துப் பார்த்தார், எந்திரம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது, அவர் எந்திரத்தைத் திட்டினார். அம்மன் கோயில் பூசாரி, பேரும் ஒன்று நட்சத்திரமும் ஒன்று, அதனால் அர்ச்சனைச் சீட்டும் ஒன்றுதான் என்று தாராளமாகத் தீர்ப்புச் சொன்னார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை செல்லக்கனியைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, "வருகைப் பதிவேட்டுக்கு ஒருத்தி ஒழுங்கா வந்தாச் சரி" என்று பைலை மூடினார். கடை முதலாளிக்கு அந்தக் கேள்வியே வரவில்லை, அவருக்கு வந்து நிற்கிறவள் நின்றால் போதும்.

அந்த வருடத்துக்குள் ஊரில் இன்னும் பதினொரு வீட்டில் இப்படி ஆனது. கொம்பையா என்ற பையன் ஒருத்தனாகப் பாலிடெக்னிக்குக்கும் இன்னொருத்தனாக டிராக்டர் ஒர்க்ஷாப்புக்கும் போனான். வாத்தியார் வேலைக்குப் படிக்க ஆசைப்பட்ட ஒரு பிள்ளை, அதற்கும் முட்டைப் பண்ணைக்கும் போனாள். பெற்றவர்களுக்கு முதலில் மனதுக்குள் ஒரு நிம்மதி, இனி யாரையும் எதையும் விடச் சொல்ல வேண்டாம் அல்லவா. பிறகு மெல்ல மெல்ல ஒரு கூச்சம், ஏனென்றால் சம்பளம் கொண்டுவருகிற பிள்ளைக்குக் குழம்பில் மீன் துண்டு விழுகிறதா, மார்க் வாங்குகிற பிள்ளைக்கு விழுகிறதா என்று அவரவர் கை அவரவருக்குக் காட்டிக் கொடுத்தது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள், சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் வேலைக்குப் போகிற பிள்ளையைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, படிக்கிற பிள்ளையை மட்டும் காப்பி கொண்டுவரச் சொன்னார்கள். அப்படி ஆன வீடுகளில் இதைச் செய்யாத வீடு ஒன்றுகூட இல்லை, செய்ததை ஒத்துக்கொண்ட வீடும் இல்லை.

சொரிமுத்து வீட்டில் இரண்டு சக்திகளும் ஒரே பாயில் படுத்தார்கள். கடைச் சக்தி சாப்பிடும்போது உட்கார மாட்டாள். கடையில் விற்கிற பெண்கள் உட்கார ஸ்டூல் கிடையாது, காலை ஒன்பதரையிலிருந்து நின்று நின்று அவள் உடம்புக்கு உட்காருகிற ஞாபகமே விட்டுப் போயிருந்தது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றபடியே தின்பாள். தின்றுகொண்டே, "இன்னைக்கு என்ன நடத்துனாவ?" என்று கேட்பாள். தினமும் கேட்பாள். பள்ளிக்கூடத்துச் சக்தி முதலில் எல்லாம் சொன்னாள், வில்லைகளைப் பற்றி, மின்னோட்டத்தைப் பற்றி, படம்கூட வரைந்து காட்டினாள். பிறகு பாதி சொன்னாள். அதன் பிறகு, "சொன்னா ஒனக்குப் புரியவா போவுது, தூங்கு" என்றாள். அந்த நோட்டு கடைச் சக்தியின் சம்பளத்தில் வாங்கியது, பிசிக்ஸ் டியூஷனும் அவள் சம்பளம், காலில் போட்டிருந்த ஷூவும் அவள் சம்பளம். இதெல்லாம் தெரிந்தேதான் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்போது அப்பா எப்படித் திரும்பிப் படுத்தாரோ அப்படியே படுத்தாள், அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரோஸ்லின் என்று ஒரு சிநேகிதி, மெடிக்கல் ஷாப்காரர் மகள், நல்ல பிள்ளை, கேட்ட கேள்வியை விடாமல் கேட்கிற பிள்ளை. "ஒனக்கு அக்கா தங்கச்சி உண்டா சக்தி?" என்று அவள் கேட்டபோது, "தம்பி மட்டுந்தான்" என்றாள். "ஒங்கப்பா என்ன செய்றாங்க?" என்றதற்கு, "லோடு வண்டி வச்சிருக்காங்க" என்றாள், ஓட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை. பொய் என்று எதையும் சுட்டிக் காட்ட முடியாதபடி பேசக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் எஸ்தர் மிஸ், பிசிக்ஸ் நடத்துகிறவர், பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பைப் பார்த்து, "இப்படியே படிச்சீங்கன்னா ஜவுளிக்கடையில போய்ச் சேலை மடிக்க வேண்டியதுதான்" என்றார். வகுப்பு சிரித்தது. முதல் மார்க் வாங்கியிருந்த பிரம்மசக்தியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் தன் வாய் கொஞ்சம் திறந்தே இருந்ததை அவள் பிற்பாடு பல நாள் நினைத்து நினைத்துக் கூசினாள்.

அடுத்த வருடம் அம்மன் கோயில் கொடைவிழாவில்தான் அந்த அதிசயத்துக்கு ஒரு மறுபக்கம் இருப்பது ஊருக்குத் தெரிந்தது. பாலிடெக்னிக்குக் கொம்பையாவும் ஒர்க்ஷாப் கொம்பையாவும் வில்லுப்பாட்டுப் பந்தலில் நின்றுகொண்டிருக்கையில், பாலிடெக்னிக்கு வாத்தியார் ஒருவர் சாமி கும்பிட வந்தார். பாலிடெக்னிக்குக் கொம்பையாவுக்குக் கூசியது. அந்தக் கூச்சத்தோடே, கிரீஸ் கையும் காக்கி டிராயருமாக நின்றவனை இழுத்து முன்னால் நிறுத்தி, "சார், இதுவும் நாந்தான்" என்றான். வாத்தியார் செருப்பைத் தேடிக் குனிந்து நிமிர்வதற்குள் அங்கே ஒரு கொம்பையாதான் இருந்தான். அவன் தலையில் கணக்கும் இருந்தது, கையில் போல்ட்டு முடுக்குகிற பக்குவமும் இருந்தது, மறுநாள் ஊரிலிருந்த மூன்று டிராக்டரையும் ஏன் ரிப்பேர் என்று வரைந்து காட்டிவிட்டுச் சரிசெய்தான்.

உடனே ஊரே அதைச் செய்து பார்த்தது. வீட்டுக்குள் அம்மா அப்பா முன்னால் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அம்மன் முன்னால் சூடம் ஏற்றிச் சொன்னார்கள், அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. பத்துப் பதினைந்து நாள் பேசிப் பேசி டீக்கடையில்தான் கண்டுபிடித்தார்கள்: யார் முன்னால் சொல்ல நாக்கு கூசுகிறதோ அவர்கள் முன்னால் சொன்னால்தான் ஒட்டும். முட்டைப் பண்ணைப் பிள்ளை தன்னைப் பெண் பார்க்க வந்தவன் முன்னால் சொன்னாள். ஒட்டிக்கொண்டது, சம்பந்தம் போய்விட்டது, அவள் ஒரு நாள் அழுதாள், இரண்டு நாள் தூங்கினாள், பிறகு நன்றாக இருந்தாள். ஒவ்வொரு வீடாக இரண்டு ஒன்றாயிற்று.

"ஒங்க ஸ்கூல் பிள்ளைங்க முன்னால சொல்லிரேன்ளா" என்றாள் செல்லக்கனி.

"அரையாண்டுப் பரீட்சை முடியட்டும்."

முடிந்தது. ரிவிஷன் பரீட்சை முடியட்டும் என்றாள். அதுவும் முடிந்தது. கடைச் சக்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது, "ஒண்ணாயிட்டோம்னா எனக்கும் அந்த வில்லைக் கணக்கு தெரியும்லா?" என்று மட்டும் சொன்னாள். அதைச் சாதாரணமாகச் சொல்ல முயற்சி செய்து சொன்னாள். பிரம்மசக்திக்கு அப்போதே எங்காவது ஓடிப்போய்விட வேண்டும் போலிருந்தது, கொடியில் இன்னொரு துணியைப் போட்டுத் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பிளஸ் டூ பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும் முன்பு கடைசி நாளில் ஒரே நிறத்தில் சேலை கட்டிப் போட்டோ எடுப்பது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். அந்த வருடம் மயில்கழுத்து நிறம் என்று முடிவாயிற்று. எந்தக் கடை என்று ரோஸ்லின்தான் முடிவு செய்தாள். பிரம்மசக்தி தலைவலி என்றாள், வேறு கடையில் விலை குறைவு என்றாள், கடைசியில் மூன்று பேரோடு அந்த நாலு மாடிக் கடையின் இரண்டாவது மாடியில் போய் நின்றாள். எதிரே, பச்சைச் சேலைச் சீருடையில், நெஞ்சில் 'சக்தி' என்று பெயர் குத்திக்கொண்டு, அவளே நின்றாள்.

கடைச் சக்தி ஒரு கணம் தயங்கிவிட்டு, மற்றவர்களுக்குச் சொல்வதைப் போலவே, "வாங்க, என்ன பாக்கணும்?" என்றாள். நிறத்தைச் சொன்னதும் அடுக்கிலிருந்து பன்னிரண்டு சேலையைப் பார்க்காமலே விரலால் தடவி உருவினாள், ஒவ்வொன்றாக உதறி விரித்தாள், ஒன்றை எடுத்து ரோஸ்லின் தோளில் போட்டு முந்தியைச் சரித்துக் காட்டினாள். ரோஸ்லின் கண்ணாடியைப் பார்த்தாள், கண்ணாடிக்குள் பின்னால் நின்ற இரண்டு முகத்தையும் பார்த்தாள்.

"ஏ சக்தி, இந்தக்கா அப்படியே ஒன்ன மாதிரியே இருக்காங்க. பேரும் சக்திதான்."

கடைச் சக்தி முந்தியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றது. ஊரில் சொன்னதெல்லாம் சரிதான், இதைவிடக் கூசுகிற இடம் வாய்க்காது, இதைவிடக் கூசுகிற ஆட்கள் வாய்க்க மாட்டார்கள், நாலே வார்த்தை போதும். பிரம்மசக்தியின் நாக்கு அந்த நாலு வார்த்தைக்காகத்தான் புரண்டது. ஆனால் வந்தது வேறு.

"எங்க ஊர்ப் பக்கம் பாதிப் பேரு இந்த ஜாடைதான்" என்றாள். என்றதோடு விட்டிருக்கலாம். "அக்கா, அந்தக் கீழ் அடுக்குல இருக்குல்லா, அத எடுங்க" என்று விரலையும் நீட்டினாள்.

"எடுத்துத் தாரேன்ம்மா" என்று கடைச் சக்தி குனிந்தாள். குனிந்தவள் நிமிரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

பில் போடுகிற இடத்தில் நாலு சேலைக்கு நாலு பில் வந்தது. பிரம்மசக்தியின் பில்லில் மட்டும் கடைசி வரியில் 'ஊழியர் தள்ளுபடி' என்று அச்சாகியிருந்தது. வருடத்துக்கு ஒரு தரம் ஒரு சேலைக்கு மட்டும் கிடைக்கிற சலுகையைக் கடைச் சக்தி இவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தாள். ரோஸ்லின் அந்த வரியைப் படித்தாள். கேட்ட கேள்வியை விடாமல் கேட்கிற பிள்ளை ஒன்றும் கேட்காமல் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியது பிரம்மசக்தியை எதைக் காட்டிலும் சுட்டது.

அன்றைக்கு வேன் வந்தது, ஆறு பெண்கள் இறங்கினார்கள், ஏழாவதாக யாரும் இறங்கவில்லை. "அவ கடை ஆஸ்டல்ல தங்கிக்கிடுதாளாம்" என்று ஒருத்தி, அவள் கொடுத்துவிட்ட டிபன் பாக்ஸைச் செல்லக்கனியிடம் நீட்டினாள். செல்லக்கனி உள்ளே வந்து மகளைப் பார்த்தாள். இரண்டாவது டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்தாள். மாதா மாதம் பணம் மட்டும் வேன்காரப் பெண் கையில் மடித்த தாளுக்குள் வந்தது. ஊரில் யாரும் திட்டவில்லை, ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மற்ற பதினொரு பேரும் வெறும் கொம்பையா, வெறும் இன்னார் என்று ஆகிவிட்டிருக்க, இவளை மட்டும் எப்போதும் போல் 'பள்ளிக்கூடத்துச் சக்தி' என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சேலையைக் கட்டி எடுத்த போட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள், அவள் சேலையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். டவுன் கல்லூரியில் பிசிக்ஸுக்கு இடம் கிடைத்தது. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளுக்கு அதை யாரிடம் முதலில் காட்ட வேண்டும் என்று தெரிந்தது, காட்ட முகம் இல்லை என்பதும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடம், "இன்னைக்கு அவளக் கூட்டியாரேன்" என்றாள். எலுமிச்சம் சோறு கட்டித் தரச் சொன்னாள்.

"பரண்ல இருக்கதையும் எடுக்கட்டா?"

"ஒண்ணு போதும்."

ரோஸ்லினை வரச் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் இரண்டாவது மாடிக்கு ஏறினார்கள். கடைச் சக்தி இளைத்திருந்தாள், கணுக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்திருந்தது.

"வாங்க மேடம், என்ன பாக்கணும்?" என்றாள்.

பிரம்மசக்தி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "ரோஸ்லின், இவ வேற யாருமில்ல. நாந்தான்."

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. ரோஸ்லின், "எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்குப் பில்லப் பாத்தேன்லா. நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதனால் கூச்சமும் மிச்சமில்லை, ஒட்டுவதற்கு அங்கே பசை இல்லாமல் போய்விட்டது. "நீங்க பேசுங்க" என்று அவள் இறங்கிப் போனாள்.

"சொல்லிப் பாத்துட்ட. சரி, போ. யாவார நேரம்" என்றாள் கடைச் சக்தி.

"காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. பிசிக்ஸ்."

கடைச் சக்தி சேலை மடிப்பதை நிறுத்தினாள். "வில்லையா?"

"எல்லாம்." பிரம்மசக்திக்குக் கண் நிறைந்தது. "அன்னைக்கு ஒன்ன அக்கான்னு கூப்புட்டேன். வெரல நீட்டுனேன். எனக்கு அவமானமா இருந்துச்சு, ஒன்னால இல்ல, இருந்தாலும் ஒம்மேலதான் போட்டேன்."

"தெரியும். நானும் நீதான, எனக்குத் தெரியாதா" என்றாள் கடைச் சக்தி. பிறகு பையைப் பார்த்தாள். "ஒரு டப்பாதான் கொண்டாந்தியா?"

"ஒண்ணு போதும்னு நெனச்சேன்."

"நெனப்ப. மொத நாளும் ஒண்ணுதான்."

"இது முழுசும் ஒனக்கு. நான் நிக்கேன், நீ போய்ச் சாப்பிடு."

கவுண்டர் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் சம்பளத்தில் பிடிப்பார். கடைச் சக்தி யோசித்துவிட்டு, நெஞ்சிலிருந்த பெயரட்டையைக் கழற்றி இவள் சுடிதாரில் குத்தினாள். "வாரவங்க மொகத்தப் பாத்துக் கேளு. ஒக்காராத, காமிரா இருக்கு" என்று சொல்லிவிட்டு, டப்பாவோடு படியேறிப் போனாள்.

அரை மணி நேரத்தில் பிரம்மசக்திக்குக் குதிகால் கடுத்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். நாலு பேர் வந்து விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள், விரித்த சேலையை அவளால் பழையபடி மடிக்க முடியவில்லை, குவியலாகக் கிடந்தது. அந்தக் குவியலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எஸ்தர் மிஸ்.

அவர் முதலில் பெயரட்டையைப் பார்த்தார், பிறகு முகத்தை. "நீ... பிரம்மசக்தி இல்ல? இங்க என்ன பண்ற?"

அவளுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. சொல்லிக்கொள்ள எத்தனையோ இருந்தது. சொந்தக்காரப் பெண்ணுக்குப் பதில் பத்து நிமிடம் நிற்கிறேன் என்று சொல்லலாம், கல்லூரியில் இடம் கிடைத்த தாள் பைக்குள்தான் இருந்தது, அதை எடுத்து நீட்டலாம். மேலே ஒருத்தி இரண்டு வருடத்துக்கு முந்தின சோற்றை இப்போதுதான் தின்றுகொண்டிருந்தாள்.

"வேல பாக்கேன் மிஸ்" என்றாள். "ரெண்டு வருசமா இங்கதான் சேலை மடிக்கேன்."

எஸ்தர் மிஸ்ஸின் முகம் சிவந்தது. என்றோ வகுப்பில் தான் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எனக்கு ஒரு காட்டன் சேலை எடுத்துக் குடும்மா" என்றார் மெதுவாக.

எடுக்கத் திரும்பியபோதுதான் அது வந்தது. முதலில் முழங்காலில், பிறகு இடுப்பில், இரண்டு வருடம் நின்ற வலி மொத்தமும் ஒரே மூச்சில் வந்து அவளுக்குள் இறங்கியது, அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் தாமாகப் போய் மூன்றாவது அடுக்கில் காட்டனைத் தடவி உருவின. மிஸ் போன பிறகு கிடந்த குவியலை எடுத்து, கரையோடு கரை சேர்த்து, பார்க்காமலே மடித்து அடுக்கினாள். கூச்சம் போகவில்லை. அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது, இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எரிந்தது.

மேலே சாப்பாட்டு அறையில் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. "இப்பதான கை கழுவிட்டுப் போன, டப்பாவ மறந்துட்டியா?" என்றாள் அங்கிருந்த பெண். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள்.

"அண்ணாச்சி, இனிமே காலேஜு. சனி ஞாயிறு மட்டும் வாரேன்."

"ரெண்டு நாளுக்கு ரெண்டு நாள் சம்பளந்தான்."

"சரி. ஒரு ஸ்டூலு போடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்போம்" என்றார். இன்றைக்கு நேரத்தோடு போகிறேன் என்று அவள் சொன்னதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் டவுன்பஸ்ஸில் கீழமருதடி முக்கில் இறங்கினாள். வீட்டில் செல்லக்கனி இரண்டு தட்டு எடுத்து வைத்து, இரண்டிலும் சோறு போட்டு வைத்திருந்தாள். ஒருத்தி மட்டும் உள்ளே வருவதைப் பார்த்து, வாசலை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள். வந்தவள் ஒரு தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றபடி தின்னத் தொடங்கியதும் பார்ப்பதை விட்டுவிட்டாள். கட்டிலில் கிடந்த சொரிமுத்து மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்.

"உக்காந்து தின்னுளா" என்றாள் செல்லக்கனி.

முழங்கால் மடங்கவில்லை. செல்லக்கனி தோளைப் பிடித்து இறக்கி உட்கார வைத்தாள். அவள் முதல் தட்டை முடித்தாள், இரண்டாவது தட்டையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அதையும் முடித்தாள்.

"யம்மா, மொத நாளு ரெண்டு முட்டையும் நானே தின்னுட்டேன்" என்றாள்.

"தெரியும்."

"இப்பதான் பசிக்கி."

செல்லக்கனி எழுந்து போய் அடுப்பில் இரண்டு முட்டை வேகப் போட்டாள்.